பூட்டிய வீட்டை வாடகைக்கு விடப் பயமா?

கேள்வி: திருச்சியில் என் கணவர் கட்டிய வீட்டின் மாடியில் நான் தனியாக இருக்கிறேன். கீழ்வீடு மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விடலாம் என்றால், “பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு அவர்களுக்கே சொந்தம்” என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். புரோக்கரோ, “11 மாத அக்ரிமென்ட் போதும், பதிவெல்லாம் வேண்டாம்” என்கிறார். விடலாமா, பூட்டியே வைக்கலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: தாராளமாக விடுங்கள் அம்மா. வாடகை கொடுத்துக் குடியிருப்பவர் நாற்பது வருடம் இருந்தாலும் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. உங்கள் வீடு என்று ஒப்புக்கொண்டுதான் அவர் உள்ளே வருகிறார். உள்ளே இருந்துகொண்டே அதை மறுக்கச் சாட்சியச் சட்டம் விடாது.

அந்த 12 வருடக் கணக்கு 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் இருப்பது. உங்கள் உரிமையை மறுத்து, ஊரறிய ஒருவர் ஆக்கிரமித்திருந்தால்தான் அது ஓடத் தொடங்கும். இதில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். “நம்ம பையன்தானே, வீட்டைப் பார்த்துக்கட்டும்” என்று வாடகையும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் உறவினரையோ காவல்காரரையோ குடிவைப்போமே, அதுதான் அந்த இடம். அனுமதியோடு இருப்பவருக்கு எத்தனை வருடம் ஆனாலும் உரிமை வராது என்று 2012-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அனுமதிதான் கொடுத்தீர்கள் என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே! அவர் ஒருநாள் “இது என் வீடு” என்று வெளிப்படையாகச் சொல்லி, வீட்டு வரியையும் தன் பெயரில் கட்ட ஆரம்பித்து, நீங்கள் 12 வருடம் வாயே திறக்காமல் இருந்தால் கதை மாறிவிடும். அப்படிப்பட்டவர் தானே வழக்குப் போட்டும் உரிமை கேட்கலாம் என்று 2019-இல் இன்னொரு தீர்ப்பும் வந்திருக்கிறது. அதனால் அக்கா மகனே ஆனாலும் எழுதி வாங்குங்கள், மாதம் ஆயிரமாவது வங்கி வழியாக வாங்குங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டாரையும் குறை சொல்ல முடியாது. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஊட்டிய பயம் அது. இருவர் பேசி முடித்த வாடகையை, ஒருவர் மனுப்போட்டால் அதிகாரி சூத்திரம் வைத்து மாற்றலாம். காலி செய்யச் சொன்னால் கோர்ட், அப்பீல், அதற்கும் மேல் ஹைகோர்ட். மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று இருந்ததையும் 1986-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பங்களாவாசிக்கும் ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் ஒரே கவசம்! ஏழையைக் காக்கிறோம் என்று சொல்லி, ஏழைக்கு வீடு கொடுக்க இருந்தவரைத்தான் விரட்டினார்கள். 2011 கணக்கெடுப்பில் நம் நாட்டு நகரங்களில் ஒரு கோடிக்கும் மேல் வீடுகள் காலி. எல்லாமே பயத்தில் பூட்டியவை என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கீழ்வீடு போல எத்தனை பார்த்திருக்கிறேன்!

இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டு சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ளது. இருவரும் எழுதிக்கொண்டதுதான் வாடகை. அந்த மட்டில் உருப்படியான சட்டம்.

இனி உங்கள் புரோக்கர். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பப் பிறந்ததுதான் 11 மாதம். புதிய சட்டத்தில் அந்தத் தந்திரம் செல்லாது. 11 மாதமோ ஆறு மாதமோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், ரென்ட் அத்தாரிட்டி எனப்படும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். சரி, புரோக்கர் ஏன் 11 மாதத்தை விடமாட்டேன் என்கிறார்? புதுப்பிக்கும்போதெல்லாம் அவருக்குக் கமிஷன்! இருவர் கைகுலுக்கி முடிக்கிற காரியத்துக்கு அரசிடம் ஒரு எண் எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். இணையதளத்தில் அதற்காக உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும் அந்தப் பொறுமைச் சோதனை. இருந்தாலும் செய்துவிடுங்கள். பதியாத காகிதத்தை நம்பி வாடகை நீதிமன்றப் படி ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

அட்வான்ஸ் பத்து மாதம் வாங்கித் தருகிறேன் என்பார் புரோக்கர். சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. பேராசைப்படாதீர்கள், திருப்பிக் கொடுக்கப் பணமில்லாமல் உங்கள் வீட்டையே காலி செய்யச் சொல்ல முடியாமல் விழிப்பீர்கள்.

இன்னொரு வகைப் புரோக்கரும் உண்டு: “பிரச்சினை வந்தால் ஆளை வைத்து நானே காலி பண்ணித் தருகிறேன்.” அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தண்ணீரை நிறுத்துவதும் பியூஸைப் பிடுங்குவதும் சட்டப்படி தவறு. பூட்டை உடைத்து வெளியேற்றினால், குடியிருந்தவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வரலாம். வீடு யாருடையது என்று அந்த வழக்கில் கோர்ட் கேட்காது. இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, உங்களுக்கே வீடு தேவைப்படுவது என நேர்வழியிலேயே காரணங்கள் இருக்கின்றன. எழுத்து ஒப்பந்தம் போட மறுத்தால் அதுவும் ஒரு காரணம்.

அச்சடித்த படிவத்தில் காலி இடம் விட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். உங்கள் பிரதியை அன்றே கையில் வாங்குங்கள். அப்புறம், சாவி கொடுக்கும் நாளில் மின்சார மீட்டரைப் போட்டோ எடுத்துக் குடிவருபவருக்கும் அனுப்பிவையுங்கள். பாதிச் சண்டை கரண்ட் பில்லில்தான் ஆரம்பிக்கிறது.