எழுதியவரே வாசித்தால்: வாசகர் கேள்வி பதில்

அறிவியல் சிறுகதை எழுதுகிறவர்கள் தம் கதையைத் தாமே வாசித்து ஒலிப்பதிவாக அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கதைகளுக்கு முன்பாகக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: கதை எழுதத் தெரிந்தவருக்கெல்லாம் வாசிக்கவும் தெரியும் என்று எப்படி எதிர்பார்க்கிறீர்கள்? குரல் பழகிய ஒருவரிடம் கொடுத்தால் கேட்பவர்களுக்கு இதமாக இருக்குமே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம்

பதில்: எதிர்பார்க்கவில்லை, ஐயா. குடும்பக் கதையோ சரித்திரக் கதையோ என்றால் நானும் உங்கள் பக்கமே நிற்பேன்; நன்றாக எழுதிவிட்டு, வாசிக்கும்போது மளிகைக் கணக்கை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்த எழுத்தாளர்களை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அறிவியல் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகில் இதுவரை இல்லாத ஊர்களும் கருவிகளும் உயிர்களும் அதில் வருகின்றன. அவற்றின் பெயர்களை எழுதியவரைத் தவிர வேறு எவரும் காதால் கேட்டதில்லை. நம் எழுத்து முறையோ ஒரே வல்லின எழுத்தை வைத்துக்கொண்டு, வரும் இடத்தைப் பார்த்து ஒலித்துக்கொள் என்று வாசிப்பவரிடம் பொறுப்பை விட்டுவிடுகிறது. தமிழ்ச் சொற்களில் அதனால் இடறல் இல்லை. ஆனால் ஒருவர் தம் கதையில் வரும் கோளுக்குக் ‘கோபாட்’ என்று பெயர் வைத்துவிட்டால், அது கோயிலில் வரும் ‘கோ’வா, கோவிந்தனில் வரும் ‘கோ’வா என்பதையும், அடுத்து வருவது கோபாலனில் வரும் ‘பா’வா, அப்பாவில் வரும் ‘பா’வா என்பதையும் அச்சிட்ட பக்கம் சொல்லாது. குரல் கலைஞர் முதல் பக்கத்தில் ஒருவிதமாகவும் மூன்றாம் பக்கத்தில் வேறுவிதமாகவும் சொன்னால், கேட்பவர் கதையில் இரண்டு கோள்கள் இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ‘அன்றைக்கும் இரண்டு நிலவுகள் உதித்தன’ என்று ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பழகிய குரல்காரர் அந்த ‘இரண்டு’ என்ற சொல்லில் வியப்பை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி வாசிப்பார். அதுதான் அவருடைய தொழில். ஆனால் அந்த உலகத்தில் பிறந்து வளர்ந்த கதைசொல்லிக்கு இரண்டு நிலவுகள் என்பது தினமும் காலையில் பால் வருவதைப் போன்றது. எழுதியவர் அந்த இடத்தை அழுத்தாமல் கடந்து போவார்; வியப்பு கேட்பவரிடம் தானாக, ஒரு வினாடி தாமதமாக உண்டாகும். எந்த இடத்தில் வியக்கக் கூடாது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரிந்த செய்தி என்பதால்தான் சுமாரான குரலாக இருந்தாலும் அவரையே வாசிக்கச் சொல்கிறோம்.

ஆசிரியரே அவையில் நிற்பதும் நமக்குப் புதிய வழக்கமன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் பாயிரம் கூறுகிறது. அங்கே குரலினிமைக்குத் தனி மதிப்பெண் கொடுத்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: வெளிநாடுகளில் பெயர்பெற்ற அறிவியல் புனைகதை ஆசிரியர்கள் இப்படி வாசித்திருக்கிறார்களா?
– கப்பல் முகவர் அலுவலக ஊழியர், தூத்துக்குடி

பதில்: வாசித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் உங்களுக்குக் கடலுக்கு அக்கரையிலேயே வாழ்ந்தவர். 1952 இல் நியூயார்க்கில் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய காட்மன் என்ற இசைத்தட்டு நிறுவனம், கவிஞர்களையும் கதாசிரியர்களையும் அவர்களுடைய குரலிலேயே பதிவு செய்வதைத் தன் வேலையாக வைத்துக்கொண்டது. 1970களில் அது ஐசக் அசிமோவையும், 1956 முதல் இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கையும் தம் படைப்புகளைத் தாமே வாசிக்கச் செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டது.

கிளார்க் வாசித்த சிறுகதைகளில் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். செவ்வாயில் தனித்து விடப்பட்ட ஒரு விண்வெளி வீரன், உயிர்க்காற்று தீரும் வேளை நெருங்குவதை அறிந்தபடியே, 1984 மே 11 அன்று பூமி ஒரு கரும்புள்ளியாகச் சூரிய வட்டத்தைக் கடப்பதைப் பார்த்து, கண்டதையெல்லாம் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிவைப்பதாக அமைந்தது அந்தக் கதை. 1971 இல் அது அச்சில் வந்தது; அதில் சொல்லப்பட்ட கடப்பு வானியல் கணக்குப்படி அதே நாளில் நிகழ்ந்தது. கதை முழுவதுமே ஒரு மனிதன் கருவியில் பேசுவதுதான் என்பதால், எழுதியவர் அதை ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வாசிக்கும்போது கதைக்கும் வாசிப்புக்கும் இடையே இருந்த திரை விலகிவிடுகிறது. முதன்முறையாக எழுதிப் பார்க்கிறவர்களுக்கு இந்த அமைப்பையே நான் சிபாரிசு செய்வேன்: கடிதம், நாட்குறிப்பு, விசாரணை வாக்குமூலம், தொலைபேசிச் செய்தி என்று ஏற்கெனவே ஒரு வாயிலிருந்து வரும் வடிவம் எதுவானாலும் காதுக்குப் பொருந்தும்.

கேள்வி: கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?
– சங்கரன்கோவில்

பதில்: 12 நிமிடம். என் கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், நிதானமாக வாசித்தால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 100 தமிழ்ச் சொற்கள் போகின்றன. ஆகவே 1,200 சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம்.

கேள்வி: மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளால் இயங்கும் ராக்கெட் எஞ்சினை, மையமாக வைத்து ஒரு கதை எழுதியிருக்கிறேன். எஞ்சின் வேலை செய்யும் விதத்தை விளக்க இரண்டு பக்கம் தேவைப்பட்டது. வீட்டில் வாசித்துக் காட்டியபோது, அந்த இரண்டு பக்கத்துக்குள் என் மனைவி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். அறிவியலை விட்டுவிட்டால் அது அறிவியல் கதையாகுமா?
– பணகுடி

பதில்: உங்கள் துணைவியார் செய்தது நல்ல விமரிசனம். அச்சில் வாசிக்கிறவர் புரியாத பத்தியை இரண்டாம் முறை படிப்பார், அல்லது தாண்டிப் போவார். கேட்கிறவருக்கு இரண்டுமே முடியாது. திரவ ஹைட்ரஜன் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி, திரவ ஆக்சிஜன் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி என்று அடுத்தடுத்துச் சொன்னால் இரண்டும் காதில் ஒன்றாகக் கலந்துவிடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் குளிரை ஒரு பாத்திரத்தின் கைக்கு அருகில் கொண்டுபோங்கள். குழாயின் வெளிப்புறத்தில் பணகுடிக் காற்றின் ஈரம் வெயில் நேரத்திலும் வெள்ளையாக உறைந்து படிவதை ஒருவன் பார்த்து நிற்கட்டும். அறிவியல் அங்கேயே இருக்கும். விளக்கம் மட்டும் போயிருக்கும்.

விளக்கத்தை விடவே முடியாத கதையும் உண்டு. அதற்கான உத்தி நம் ஊரிலேயே இருக்கிறது. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள்: முன்னே இருப்பவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதையை நகர்த்த, உடுக்கையும் குடமும் தாளமும் சேர, பின்பாட்டுக்காரர் ஒவ்வோர் அடிக்கும் ‘ஆமா’ போட்டுக்கொண்டே வருவார். அந்த ‘ஆமா’ வெறும் ஒத்தூதல் என்று நினைப்பது தவறு. சொன்னதை வாங்கிக்கொள்ளக் கூட்டத்துக்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. முக்கியமான இடத்தில் அவர் ‘என்னது?’ என்று கேட்க, முன்னவர் அதே செய்தியை வேறு சொல்லில் இன்னொரு முறை சொல்கிறார். இரவெல்லாம் கிளை பிரிந்து போகும் கதையைக் கைக்குழந்தையுடன் உட்கார்ந்திருக்கும் தாய்கூடத் தவறவிடாமல் கேட்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். உங்கள் கதையிலும் பொறியாளருக்கு எதிரே ‘ஆமா’ போட ஓர் ஆள் வேண்டும். அவர் அறிவியல் தெரியாதவராக, ஆனால் அசட்டுக் கேள்வி கேட்காதவராக இருக்க வேண்டும். எஞ்சினைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியாகவோ, பொறியாளரின் ஆச்சியாகவோ இருக்கலாம்.

மௌனத்தையும் பயன்படுத்துங்கள். செவ்வாயிலிருந்து பூமிக்கு ஒரு செய்தி வந்து சேர, கோள்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அச்சில் இதற்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படுகிறது. வாசிக்கும்போது, கேள்வியைக் கேட்டுவிட்டு நான்கு வினாடி பேசாமல் இருந்தால் அந்தத் தொலைவு முழுவதும் கேட்பவருக்கு விளங்கிவிடும்.

இதற்காகவே வாசிப்புக்கென்று தனிப் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. சார்லஸ் டிக்கன்ஸ் 1858 முதல் கட்டணம் வாங்கிக்கொண்டு மேடைகளில் வாசித்தபோது, அச்சான நூலை அப்படியே கையில் எடுக்கவில்லை. சுருக்கி, அடிக்கோடிட்டு, ஓரங்களில் தமக்குத் தாமே குறிப்பு எழுதிக்கொண்ட தனிப் பிரதிகள் வைத்திருந்தார்.

கேள்வி: அண்ணாச்சி, என் கதையில் வரும் ரோபோ நெல்லைத் தமிழ் பேசுகிறது. வாசிக்கும்போது குரலை இயந்திரம்போல் துண்டு துண்டாக மாற்ற வேண்டுமா?
– பாலிடெக்னிக் மாணவன், கடையம்

பதில்: வேண்டாம், தம்பி. ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்தது செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920 இல் எழுதிய ஒரு நாடகம். அதில் வரும் ரோபோக்கள் இரும்பால் ஆனவை அல்ல, செயற்கைச் சதையால் ஆன, மனிதரைப் போலவே தோற்றமளிக்கும் உயிர்கள். தகரக் குரல் பிற்காலத்துப் பழக்கம். இன்றோ கைபேசியே சரளமாகப் பேசுகிறது. நீங்கள் துண்டு துண்டாகப் பேசினால் கேட்பவர் பழைய இயந்திரம் என்று நினைப்பார்.

நெல்லைத் தமிழ் பேசும் இயந்திரம் தடுமாறப்போவது குரலில் அன்று, விளியில்தான். யாரை ‘வே’ என்பது, யாரை ‘ஏலே’ என்பது, யாரை ‘அண்ணாச்சி’ என்பது என்பதற்கு வயது மட்டும் போதாது. உறவும் பழக்கமும், அன்றைக்கு எதிரில் இருப்பவர் என்ன மனநிலையில் இருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். இவற்றை எந்தப் பொறியாளரும் பட்டியலிட்டுக் கொடுக்க முடியாது. உங்கள் ரோபோ மிகத் தெளிவான, இனிமையான குரலில், ஊர்ப் பெரியவர் ஒருவரை ‘ஏலே’ என்று கூப்பிடட்டும். நீங்கள் சிரிக்காமல் வாசித்தால் போதும்.

கேள்வி: பதிவு செய்து கேட்டால் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அது என் குரல்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உங்கள் குரல்தான். நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாகக் காதுக்கு வருவதோடு, மண்டை எலும்புகளின் அதிர்வு வழியாகவும் உட்காதை அடைகிறது. அந்த எலும்பு வழி தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் கொடுப்பதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. பதிவில் காற்று வழி மட்டுமே இருக்கிறது. ஆகவே மெலிந்து ஒலிக்கிறது. உங்கள் தோழியர் இத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருவது அந்த மெலிந்த குரலைத்தான். அவர்கள் யாரும் ஓடிவிடவில்லை அல்லவா?

பதிவுக்குத் தனி அரங்கம் தேவையில்லை. துணி நிறைந்த அலமாரியும் பஞ்சு மெத்தையும் உள்ள சிறிய அறையில், சுவர் எதிரொலி குறைவாக இருக்கும். கைபேசியை வாய்க்கு நேரே பிடிக்காமல், ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். நம் ஊர் வெயிலில் அது தவம் என்பதால், விடியுமுன் பதிவு செய்வது உத்தமம். தென்காசிப் பக்கத்து வாசகர்கள் சாரல் நாட்களில் தகரக் கூரையின் கீழ் உட்கார வேண்டாம். நான் ஒருமுறை மாலை நேரத்தில் பதிவு செய்தேன். அயல்கிரகத்தார் வந்து இறங்கும் வரியில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று முறை விசில் அடித்தது. கேட்ட நண்பர்கள் அந்த ஒலி அமைப்பைப் பாராட்டியதை நான் மறுக்கவில்லை.

கேள்வி: முன்பு ஒரு வார இதழில் அச்சான என் கதையை இப்போது நான் வாசித்து அனுப்பலாமா? வாசித்து முடித்தபின் ‘நன்றி, வணக்கம்’ சொல்ல வேண்டுமா?
– வள்ளியூர்

பதில்: முதலில் உரிமை. நீங்கள் அந்த இதழில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவராக இல்லாமல், வெளியிலிருந்து கதை அனுப்பியவராக இருந்து, எழுத்து மூலம் எதையும் கையெழுத்திட்டுக் கொடுக்கவில்லை என்றால், 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை உங்களுடையதே. சன்மானம் வாங்கிக்கொண்டதால் மட்டும் அது கைமாறிவிடாது. கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தாளைத் தேடி எடுத்துப் படியுங்கள். எந்தெந்த உரிமை என்பது அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கால அளவு சொல்லப்படவில்லை என்றால் 5 ஆண்டு என்றே சட்டம் கொள்கிறது. அச்சு உரிமை மட்டும் கொடுத்திருந்தால் குரல் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது.

வணக்கம் சொல்லும் பழக்கம் வானொலியிலிருந்து வந்தது. திருநெல்வேலி நிலையம் 1963 இல் தொடங்கியதிலிருந்து நம் காதும் அதற்குப் பழகியிருக்கிறது. அங்கே அடுத்த நிகழ்ச்சி காத்திருப்பதால் அது தேவைப்பட்டது. உங்கள் கதைக்குப் பின்னால் எதுவும் காத்திருக்கவில்லை. கடைசிச் சொல்லுக்குப் பிறகு ஐந்து வினாடி அசையாமல் உட்கார்ந்திருந்து, பிறகு பதிவை நிறுத்துங்கள். பொத்தானை அழுத்தும் ‘டிக்’ ஒலியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புங்கள்.