மடிப்பை மட்டும் எடுத்தால் போதுமா, வயிற்றையே இறுக்க வேண்டுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 41 வயது. இரண்டு குழந்தைகள், இரண்டுமே சிசேரியன். 109 கிலோ இருந்தேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, இப்போது 68 கிலோ. நான்கு மாதமாக எடை அப்படியே நிற்கிறது. எடை போன அளவுக்குத் தோல் போகவில்லை, அடிவயிற்றில் பை மாதிரி தொங்குகிறது. வெயில் காலத்தில் மடிப்புக்குள் வெந்து புண்ணாகி, பாவாடை நாடாவைக்கூட இறுக்கிக் கட்ட முடியவில்லை. ஒரு டாக்டர் தொங்குவதை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் தசையையும் சேர்த்துத் தைக்கும் டம்மி டக் செய்யச் சொல்கிறார். மூன்றாமவர், நடுவில் மேலிருந்து கீழாகவும் வெட்டினால்தான் சரியாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மூவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, சிக்கலே அதுதான். தொங்கும் தோல், விலகிய தசை, பக்கவாட்டில் தளர்ந்த மேல்வயிறு என்று இதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. ஒவ்வொருவரும் தன் கண்ணில் முதலில் பட்டதற்கு வழி சொல்லியிருக்கிறார். உங்களுக்கு எது எவ்வளவு என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம்.

தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல் வைத்து அழுத்துங்கள். இரண்டு மூன்று விரல் இறங்கும் பள்ளம் இருந்தாலோ, நடுவில் கூரை முகடு மாதிரி புடைத்தாலோ, கர்ப்ப காலத்தில் விலகிய தசைப் பட்டைகள் திரும்பச் சேரவில்லை என்று அர்த்தம். அப்புறம் எழுந்து நின்று, தொப்புளுக்கு மேலே இருக்கும் தோலை இரண்டு பக்கமிருந்தும் நடுவுக்குக் கூட்டிப் பிடியுங்கள், சேலைக்குக் கொசுவம் பிடிப்பீர்களே, அதேபோல. கை நிறைய வந்தால் மூன்றாமவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அடிவயிற்றில் குறுக்கே வெட்டி மேல்தோலைக் கீழே இழுத்தால் மேலும் கீழுமான தளர்ச்சி போகும், பக்கவாட்டுத் தளர்ச்சி அப்படியே நிற்கும்.

தொங்குவதை மட்டும் எடுப்பதற்குப் பெயர் பானிகுலெக்டமி. இதில் தசையைத் தொடுவதில்லை, தொப்புளையும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுவோம். புண்ணும் அரிப்பும் தீரும். ஆனால் ஆறின பிறகு சுடிதார் போட்டுக் கண்ணாடி முன் நின்றால் மேல்வயிறு முன்பு போலவே தள்ளிக்கொண்டு தெரியும், ‘இதற்கா இவ்வளவு செலவு’ என்று வருத்தப்படுவார்கள். உடல்நிலை காரணமாகப் பெரிய ஆபரேஷன் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும், புண் ஆறினால் போதும் என்பவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

டம்மி டக்கில் மேல்வயிறு வரை தோலைக் கிளப்பி, விலகிய தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, மிச்சத் தோலை வெட்டுவோம். தொப்புள் போய்விடுமா என்று கேட்காத ஆளே கிடையாது. போகாது. அது தன் காம்போடு அங்கேயேதான் இருக்கும், மேலே போர்த்தும் தோலில் புதிதாக ஒரு துளை போட்டு அதை வெளியே எடுத்துத் தைப்போம். பழைய சிசேரியன் தழும்பு அநேகமாக வெட்டும் தோலோடு போய்விடும். பதிலுக்கு ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை நீளமாகப் புதுத் தழும்பு வரும், அதை நாடா கட்டும் இடத்துக்குக் கீழே மறைத்துவிடலாம்.

மூன்றாவதான நேர்வெட்டில் அந்த மறைப்பு கிடையாது. தலைகீழ் டீ எழுத்து மாதிரி தழும்பு நெஞ்சுக்குக் கீழ் வரை ஏறும், முந்தானை விலகினால் தெரியும். மூன்று விளிம்பும் சந்திக்கிற முக்கில் ரத்த ஓட்டம் குறைவு, தையல் விட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். இடுப்பு நிஜமாகவே ஒடுங்கும் என்பதும் உண்மை.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், தசைப் பள்ளம் இருக்கும் பட்சத்தில் டம்மி டக் பக்கம்தான் என் ஓட்டு. இரண்டு பிரசவம் ஆன வயிற்றில் அந்தப் பள்ளம் இருக்கவே வாய்ப்பு அதிகம். நேர்வெட்டு, கொசுவம் கை நிறைய வந்து, அந்தத் தழும்போடு வாழ உங்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும். அந்தச் சம்மதம் உங்களுடையதாக இருக்கட்டும், வீட்டுக்காரருடையதாக வேண்டாம்.

ஆனால் இந்த மாதமே வேண்டாம். எடை குறைந்தது ஆறு மாதம் அசையாமல் நிற்கட்டும், உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. இரைப்பை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இரும்புச் சத்து, பி12, புரதம் எல்லாம் குறைந்திருக்கலாம், அந்த உடம்பில் காயம் சரியாக ஆறாது, எனவே முதலில் ரத்தப் பரிசோதனை. குடலிறக்கம் இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால் அதை முடித்துவிட்டு வாருங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு சில நாள், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் டிரெய்ன் குழாயோடு, ஒன்றிரண்டு வாரம் முன்பக்கம் குனிந்தே நடக்க வேண்டும், ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. நீர் கோத்துக்கொள்வது சகஜம், ஊசியால் எடுத்துவிடுவார்கள். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதுதான் எங்களுக்குப் பயம், அதனால்தான் வலிக்கிறது என்று அழுதாலும் சீக்கிரமே எழுப்பி நடக்கவிடுகிறோம்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் அழகுக்கான ஆபரேஷனுக்குத் தர மாட்டார்கள். உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று மருத்துவர் சான்று கொடுத்தால் விதிவிலக்கு உண்டு. அதனால் புண் வந்த போட்டோக்கள், தோல் டாக்டர் சீட்டுகள், மருந்து பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், முன் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அப்படியே கிடைத்தாலும் தோலை எடுப்பதற்குக் கொடுத்துவிட்டு தசை தைப்பதற்குக் கையை விரிக்கலாம்.

எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பட்டத்துக்குப் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரிடம் போங்கள். போகும்போது தினமும் கட்டும் பாவாடையையே கட்டிக்கொண்டு போய், தழும்பு எங்கே வரும் என்று மார்க்கர் பேனாவால் வயிற்றில் வரைந்து காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 34. ஜிம் போயும் தொப்பை குறையவில்லை. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனா, டம்மி டக்கா?
– வாசகர், திருச்சி

பதில்: தொப்பையைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிடிக்கு வராமல் பானை மாதிரி கெட்டியாக இருந்தால் கொழுப்பு உள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது, இரண்டு ஆபரேஷனும் அங்கே எட்டாது. என்னிடம் உங்களுக்கு வேலை இல்லை, வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொண்டு பொது மருத்துவரிடம் போங்கள்.