ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

வாகனக் கேள்வி-பதில்: பழைய கார், முன்பக்கச் சத்தம்

கேள்வி: 2009 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1,10,000 கி.மீ. ஓடியது. குண்டும் குழியுமான தெருவில் 20 கி.மீ. வேகத்தில் போனால் முன்னால் இடதுபக்கம் ‘லொடலொட’வென்று அடிக்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் நேராக ஏறி இறங்கினால் சத்தமே இல்லை. நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? *(வாசகர், கரூர்)*

பதில்: கொஞ்சம் பொறுங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறுகின்றன. அப்போது, இடது வலது சக்கரங்களைக் குறுக்கே இணைத்து வண்டி சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் கம்பிக்கு வேலை கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும். கம்பியின் இரு முனைகளையும் ஸ்ட்ரட்டோடு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) இணைக்கும் லிங்க் ராட் என்ற சிறு தண்டின் மூட்டுக் குண்டு தேய்ந்திருந்தால், தட்டுவது அந்த நேரத்தில்தான். எனவே முதல் சந்தேகம் லிங்க் ராட் மேல்.

அதற்கும் முன்னால் காசு செலவில்லாத இரண்டு வேலைகள். டிக்கியில் இருக்கும் ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னி மூன்றையும் இறக்கி வைத்துவிட்டு அதே தெருவில் ஒரு சுற்று வாருங்கள். சிரிக்காதீர்கள், இதிலேயே தீர்ந்துபோகும் புகார்கள் உண்டு. அடுத்து, சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் தளர்ந்திருப்பது பிரேக் பேடு அல்லது கேலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) பின். சஸ்பென்ஷனைத் தொடவே வேண்டாம்.

இரண்டிலும் நிற்கவில்லையா? லிங்க் ராடைப் பார்க்கலாம். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்த்து, “ஆட்டம் இல்லை சார்” என்று சொல்லிவிடுவார்கள். சக்கரம் தொங்கும்போது கம்பி முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்திருக்கும், ஆட்டம் தெரியாது. நாலு சக்கரமும் பாரத்தைத் தாங்கி நிற்கும்படி வண்டியை சர்வீஸ் குழிமேல் நிறுத்தி, கீழிருந்து லிங்க் ராடைக் கையால் பிடித்து வேகமாக ஆட்ட வேண்டும். தேய்ந்திருந்தால் ‘டிக் டிக்’கென்று விரலில் தெரியும். இன்னும் சந்தேகமா? இரண்டு லிங்க் ராடையும் கழற்றி, கம்பி எதிலும் இடிக்காமல் கட்டி வைத்து, ஆளில்லாத தெருவில் 200 மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். வண்டி வளைவில் வழக்கத்தைவிடச் சாயும், அதனால் மெயின் ரோட்டுக்குப் போக வேண்டாம். சத்தம் போய்விட்டால் நோய் தெரிந்துவிட்டது.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். நட்டைத் திருகினால் உள்ளே குண்டும் சேர்ந்து சுற்றும். நடுத்தண்டை ஆலன் கீயாலோ ஸ்பேனராலோ பிடித்துக்கொண்டு திருக வேண்டும். துருப்பிடித்திருந்தால் முந்தின இரவே துரு எண்ணெய் அடித்து வைப்பது நல்லது. லிங்க் ராடுக்காக வீல் அலைன்மென்ட் செய்யத் தேவையில்லை.

ஷாக் அப்சார்பர் செத்திருந்தால் அடையாளமே வேறு. உடம்பில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கும், பானெட் மூலையை அழுத்திவிட்டால் வண்டி ஒருமுறைக்கு மேல் துள்ளும், டயர் ஆங்காங்கே குழிவிழுந்து தேய்ந்திருக்கும். மேல் நட்டு தளர்ந்திருந்தால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரலாம், அதற்கு மருந்து ஸ்பேனர், புது ஷாக் அல்ல.

கேள்வி: 2010 ஆல்டோ. பிரேக் அடித்தால் ஒரே ஒரு ‘டக்’. ரிவர்ஸ் எடுத்துப் பிரேக் அடித்தால் இன்னொரு ‘டக்’. பிறகு சும்மா இருக்கிறது. *(வாசகி, தஞ்சாவூர்)*

பதில்: ‘ஒரே ஒரு முறை, திசை மாறினால் மறுபடியும்’ என்றாலே ஏதோ ஒன்று முன்னும் பின்னும் நகர்ந்து இடிக்கிறது என்று பொருள். உங்கள் வண்டியில் ஸ்டெபிலைசர் கம்பியின் முனைகள், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடித்திருக்கும் லோயர் ஆர்முக்குள்ளேயே நுழைந்து, அந்த ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த இடத்து ரப்பர் புஷ் (இரும்புகளுக்கு இடையே இருக்கும் ரப்பர் வளையம்) நசுங்கிவிட்டால், பிரேக் பிடித்ததும் சக்கரம் பின்னால் இழுபட்டு இரும்போடு இரும்பு மோதும்.

ஒருவர் வண்டியை ஒரு மீட்டர் முன்னால் உருட்டிப் பிரேக் போடட்டும், பின்னால் எடுத்துப் பிரேக் போடட்டும். இன்னொருவர் பக்கவாட்டில், தள்ளி நின்று, மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு நேர் முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது. நல்ல பக்கத்தைவிட ஒரு பக்கம் கூடுதலாக நகர்ந்தால் அந்தப் பக்க புஷ்தான்.

புது புஷ் நாலைந்து மாதத்தில் கிழிந்துபோனதாக வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் பொருளின் குற்றமாக இருக்காது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஆர்ம் போல்ட்டை முறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். கையால் திருகி வைத்து, வண்டியை இறக்கி, பாரம் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே இறுதியாக முறுக்கச் சொல்லுங்கள். இந்த வேலைக்குப் பின் அலைன்மென்ட் கட்டாயம்.

கேள்வி: வேகன் ஆர், நின்ற இடத்தில் ஸ்டீரிங் திருப்பினால் ‘டொய்ங்’ என்று கம்பி தெறிக்கிற மாதிரி சத்தம். *(வாசகர், நாகர்கோவில்)*

பதில்: ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் பேரிங் இறுகிவிட்டது. ஸ்டீரிங்கோடு சேர்ந்து சுற்ற வேண்டிய ஸ்பிரிங், மேலே மாட்டிக்கொண்டு முறுக்கேறி, பிறகு சடாரென்று விடுபடுகிறது. ஒருவர் ஸ்டீரிங்கை மெதுவாகத் திருப்ப, நீங்கள் ஸ்பிரிங்மேல் உள்ளங்கையைத் தட்டையாக வையுங்கள். விரலைச் சுருளுக்கு இடையில் விடாதீர்கள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் குதித்தால் சந்தேகமே இல்லை. பேரிங், ரப்பர் மவுண்ட், பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுக்க அமுங்கும்போது தாங்கும் ரப்பர்) மூன்றையும் ஒரே கையாக மாற்றிவிடுங்கள், கூலி ஒன்றுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அது இல்லாமல் நடு நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் ஆளையே அடித்துவிடும்.

கேள்வி: சத்தத்தோடு ஓட்டலாம், ஓட்டக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? *(வாசகர், விருதுநகர்)*

பதில்: லிங்க் ராட் சத்தம் எரிச்சல்தான், ஒரு மாதம் தள்ளினாலும் வண்டி ஓடும். லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டான பால் ஜாயின்ட் அப்படி இல்லை. விட்டுப்போனால் சக்கரம் வெளியே சாய்ந்து வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தின் 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் மூட்டுகள்). பால் ஜாயின்டிலோ டை ராட் எண்டிலோ கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், ஆளை வீட்டுக்கு வரவழையுங்கள்.

ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ‘டிக் டிக் டிக்’ என்று வருவது வேறு கதை: ஆக்சிலின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கும். சத்தம் வருவதற்கு முன்பே கவனித்தால் பூட்டும் கிரீஸும் போதும். வந்துவிட்டால் ஜாயின்டையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: குளிர்காலையில் ‘கீச் கீச்’ என்கிறது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் நிற்கிறது. *(வாசகி, ஊட்டி)*

பதில்: எண்ணெய் ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும், விடாதீர்கள். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்து, ஒருவர் வண்டியை அமுக்க அமுக்கக் கேளுங்கள். எதில் தெளித்ததும் நிற்கிறதோ அதுதான். பெரும்பாலும் ஸ்டெபிலைசர் கம்பியின் நடு புஷ்ஷாக இருக்கும். கிளாம்பைக் கழற்றிக் கம்பியைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டுங்கள்.