பதிவு செய்யப்படாத உறுதியைக் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் சான்றாக ஏற்குமா?

தந்தையார் வாங்கிய காணியின் உறுதி காணிப் பதிவகத்தில் பதியப்படவில்லை, அதை வழக்கில் காட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அந்த உறுதி நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதி முடிக்கப்பட்டது என்று எடுத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்குக் கேட்பது அதைத்தான். வெறும் கையெழுத்துக் கடிதமாக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது.

இக்கேள்விக்குத் தமிழில் கிடைக்கும் பதில்களில் பல தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சொல்பவை. அங்கே 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், பதிந்தே ஆகவேண்டிய பத்திரம் பதியப்படாவிட்டால் உரிமைக்குச் சான்றாகாது என்கிறது. இங்கே 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி, பதியாத உறுதி தோற்பது, பின்னர் பெறுமதி கொடுத்து வாங்கி முறையாகப் பதிந்த இன்னொருவரின் உறுதியிடம் மட்டுமே. அந்தப் பிந்திய உறுதியும் மோசடியால் பெறப்பட்டிருந்தால் முந்துரிமையை இழக்கும்.

இந்த வேறுபாடு தெரியாமல் எங்கள் குடும்பம் பட்ட பாட்டுக்காகவே எழுதுகிறேன். அப்பா 1981 இல் வெள்ளவத்தையில் ஒரு சிறு வீட்டை வாங்கினார். நொத்தாரிசு உறுதியின் இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியதும் பதிவு முடிந்துவிட்டதாக அவர் நம்பினார். பிரதி அனுப்புவது நொத்தாரிசின் கடமை. பதிவு வேறு வேலை. அப்பா இறந்த பின், விற்றவரின் மகன் அதே வீட்டைத் தன் மகளுக்கு நன்கொடையாக எழுதி, பதிவும் செய்துவிட்டார். அம்மா ஆலோசனை கேட்கப் போன இடத்தில், "பதியாத உறுதி வெறும் கடதாசி அம்மா, கொடுப்பதை வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்" என்றார்கள். சட்டத்தைப் படித்தவர் ஒரு விதவையிடம் இப்படிச் சொன்னதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி அம்மா மூன்று ஆண்டுகள் வழக்கே போடாமல் இருந்தார்.

புதுக்கடையில், கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில், வழக்கு விளக்கத்துக்கு வந்தபோது பதிவு செய்யப்படாதது என்ற ஆட்சேபம் நிற்கவில்லை. நன்கொடை பெற்றவர் பெறுமதி கொடுத்தவர் அல்லர் என்பதால் அவருடைய பதிவு எங்கள் உறுதியை முந்தவில்லை. எங்களைத் திணறடித்தது உறுதியை எண்பிக்கும் வேலைதான். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 68 ஆம் பிரிவின்படி, உறுதியில் கையொப்பமிட்ட அத்தாட்சிச் சாட்சிகளில் உயிரோடுள்ள ஒருவரையாவது அழைக்க வேண்டும். முப்பது ஆண்டு பழைய ஆவணம் முறையாக எழுதப்பட்டது என்று 90 ஆம் பிரிவு தரும் அனுமானம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. உறுதிக்கு அப்போது வயது இருபத்தெட்டு. நொத்தாரிசும் ஒரு சாட்சியும் இறந்துவிட்டார்கள். மற்றவர், அப்பாவுடன் வேலை செய்த ஐயா, எண்பது வயதில் வவுனியாவிலிருந்து பேருந்தில் வந்து தம் கையொப்பத்தையும் விற்றவரின் கையொப்பத்தையும் அடையாளம் காட்டினார். உறுதியே போலி என்ற எதிர்வாதத்துக்கு, பதிவகத்தில் இருந்த இரண்டாம் பிரதியின் அத்தாட்சிப்படுத்திய நகல் பதிலாயிற்று.

நான் சட்டத்தரணி அல்லன் என்று யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. எங்கள் வழக்கில் நடந்ததைத்தான் சொல்கிறேன். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், எதிர்த்தரப்பு மறுக்காத உறுதியை இவ்வாறு எண்பிக்கத் தேவையில்லை. பிம் சவிய என்ற அரசின் உரித்துப் பதிவுத் திட்டத்தில் பதிவான காணிக்கு விதிகளே வேறு.

பதிவகத்தில் உங்கள் காணியின் பக்கத்தைத் தேடி, தந்தையாருக்குப் பின் விலைக்கு எழுதிய உறுதி ஏதும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லையென்றால் உங்கள் உறுதியை உடனே பதியுங்கள். அதில் கையொப்பமிட்ட சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்றும் இந்த வாரமே விசாரியுங்கள். எங்களுக்காக வந்த ஐயா அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார்.