தூக்காதீங்க, புரட்டுங்க: வீட்டு நோயாளிகள் பற்றிய கேள்வி பதில்

இருபத்தெட்டு வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். படுக்கையில் இருப்பவரை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், அம்மாவுக்குப் பக்கவாதம், இடது பக்கம் வரவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கித்தான் உட்கார வைக்கிறேன். தோள் வலி என்று அழுகிறார்.

முதலில் அந்த அக்குள் பிடியை விடுங்கம்மா. வாதம் வந்த தோளில் தசை தளர்ந்திருக்கும். கையின் எடையே மூட்டைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் இழுத்தால் மூட்டு நழுவும். கையைப் பிடித்து இழுப்பதும் அதே கதைதான்.

இரண்டு முழங்காலையும் மடக்கி, உங்கள் பக்கமாக ஒருக்களிக்க வையுங்கள். கால்கள் கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கட்டும். ஒரு கை தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பில். கால் இறங்க இறங்க உடம்பு தானாக எழும்பும், நீங்கள் வழிகாட்டினால் போதும். பாதம் தரையில் படிந்ததும் உடனே நிற்க வைக்காதீர்கள். பிரஷர் இறங்கித் தலை சுற்றலாம். ஒன்றிரண்டு நிமிடம் பேச்சுக் கொடுங்கள்.

வீல்சேர் அம்மாவின் நல்ல பக்கம், அதாவது வலது பக்கம், கட்டிலை ஒட்டிச் சாய்வாக இருக்கட்டும். பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கிவிடுங்கள். அவர் எழும்போது உங்கள் முழங்கால் அவரது இடது முழங்காலுக்கு முன்னால் அணை மாதிரி நிற்க வேண்டும்.

அப்பா 80 கிலோ. தலையணையில் சாய்த்து வைத்தால் அரை மணியில் கீழே சறுக்கிவிடுகிறார். ஏற்றி ஏற்றி என் இடுப்பு போய்விட்டது.

என் இடுப்பும் அப்படித்தான் போனது தம்பி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே. ஆளைத் தூக்கக் கூடாது, நகர்த்த வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

வீட்டில் பழைய எட்டு முழ வேட்டி இருக்குமே, அதன் நீளத்தை நாலாக மடித்து, அப்பாவின் தோளிலிருந்து தொடை வரை அடியில் வரும்படி கட்டிலின் குறுக்கே விரியுங்கள். எங்கள் வார்டில் டிரா ஷீட் என்போம். பக்கத்துக்கு ஒருவர் நின்று, வேட்டி ஓரத்தை அவர் உடம்பை ஒட்டி வரும்வரை சுருட்டிப் பிடியுங்கள். தலைமாட்டைச் சமமாக்கி, தலையணையை எடுத்துவிட்டு, அவரது முழங்காலை மடக்கி, ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒரே நேரத்தில் மேலே நகர்த்துங்கள். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உங்கள் எடையை மாற்றினாலே அவர் வந்துவிடுவார். நினைவு தெளிவாக இருந்தால் குதிகாலை ஊன்றி அவரையும் உந்தச் சொல்லுங்கள். வேட்டி வைத்தும் தனியாக முயல வேண்டாம்.

சறுக்குவதற்குக் காரணம் தலைமாடு அதிக உயரம். சறுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்கும், உள்ளே எலும்பு மட்டும் கீழே போகும், நடுவில் சதை கிழியும். சாப்பாட்டு நேரம் தவிர 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்தால் சறுக்கல் குறையும்.

வாட்டர் பெட் வாங்கியாச்சு. இனியும் புரட்டணுமா?

புரட்டணும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ஏர் பெட் ஆனாலும் புரட்டுவதை விட்டுவிட முடியாது. நேர் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பு எலும்பில் முழுப் பாரமும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று, குதிகால் எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நிற்கணும்.

பாட்டிக்குப் பின்பக்கம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள்.

தேய்க்காதீர்கள். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் தப்பித்தோம். வெளுக்கவே இல்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, அந்த இடத்தில் பாரமே விழக்கூடாது, நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமலும் போகும். கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றுப்புறத்தைவிடச் சூடாக, கெட்டியாக இருந்தாலும் அதே அர்த்தம்தான். நடுவில் ஓட்டை உள்ள டியூப் மெத்தை வேண்டாம், ஓரம் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தும்.

மூக்கு வழி உணவு, யூரின் பை, இரண்டும் இருப்பவரைப் புரட்டுவது எப்படி?

பையை முதலில் நீங்கள் திருப்பும் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு ஆளைத் திருப்புங்கள். யூரின் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கணும், வயிற்றின்மேல் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். உணவு கொடுக்கும்போதும், கொடுத்து ஒரு மணி நேரம் வரையும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி. ஆகவே புரட்டல் சாப்பாட்டுக்கு முன்னால்.

மாடியிலிருந்து விழுந்தவரை உள்ளே தூக்கி வரலாமா?

அசைக்கவே கூடாது. 108.

எனக்கே 68 வயது. கணவரை நான் ஒருத்திதான் பார்க்கிறேன். பிள்ளைகள் வெளியூர்.

தனியாக வீல்சேருக்கு மாற்ற முயலாதீங்கம்மா, இரண்டு பேரும் விழுவீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டும் நோய்த்தணிப்பு நர்ஸும் வீட்டுக்கே வருவார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். வரும்போது ஒருமுறை அவர்கள் முன்னால் நீங்களே அவரைப் புரட்டிக் காட்டுங்கள், எங்கே தப்பாகப் பிடிக்கிறீர்கள் என்று சொல்லித் தருவார்கள்.