எந்த அழகப்பா? (வாசகர் கேள்வி பதில்)

கல்லூரியில் வாய்விட்டுச் சிரித்த ஒரு சம்பவத்தை, அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று சுற்று வட்டாரம் முழுக்க இருந்து வந்த கடிதங்களை இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். நானும் இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள்தான், அதனால் பல கடிதங்களில் என் அறைத் தோழிகளின் குரலே கேட்டது. பெயர் போடாதீர்கள் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். கல்லூரியில் சேர்ந்த மூன்றாம் வாரம் அப்பா தூக்குவாளியோடு என்னைப் பார்க்க வந்தார், போனை வீட்டிலேயே மறந்துவிட்டார். பஸ்ஸில் ஏறி "அழகப்பா காலேஜ் ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டிருக்கிறார். "எந்த அழகப்பா?" என்று கண்டக்டர் கேட்க, "எம்பொண்ணு படிக்கிற அழகப்பா" என்றிருக்கிறார். மூன்று வாசலில் ஏறி இறங்கி, ஒவ்வொரு வாட்ச்மேனிடமும் என் பெயர், ஊர், பிளஸ் டூ மார்க் எல்லாம் சொல்லி, நாலாவது இடத்தில் என்னைக் கண்டுபிடித்தார். இப்போது நான் எந்த கேட்டைத் தாண்டினாலும் "அப்பா சௌக்கியமா?" என்று கேட்கிறார்கள். தோழிகள் என்னை "எந்த அழகப்பா" என்றே கூப்பிடுகிறார்கள். இதை எப்படி நிறுத்துவது?
முதலாம் ஆண்டு மாணவி, காரைக்குடி

பதில்: நிறுத்தவே வேண்டாம் தங்கச்சி, இந்தப் பெயர் உங்களுக்குக் கிடைத்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கண்டக்டர் கேட்டதும் நியாயமான கேள்விதான். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947ல் இங்கே காரைக்குடியில் கலைக் கல்லூரியைத் தொடங்கினார், 1952ல் பொறியியல் கல்லூரி வந்தது, பாலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று அவர் பெயரிலேயே ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக எழும்பி, 1985ல் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. சென்னை கிண்டியில் அதற்கும் முன்னால், 1944லேயே, அவர் கொடையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. நல்லவேளை, உங்கள் அப்பா அந்த பஸ்ஸில் ஏறவில்லை. அழகப்பா வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதற்கும் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அவரே. 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். இவ்வளவையும் செய்துவிட்டு ஐம்பது வயதைத் தொடாமலே 1957ல் அவர் மறைந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும்.

உங்கள் அப்பா மூன்று வாசலில் உங்கள் மார்க்கைச் சொன்னார் என்றால் அந்த மார்க் அவருக்கு மனப்பாடம் என்று அர்த்தம். வாட்ச்மேன்கள் விசாரித்தால் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள், ராத்திரி ஊரிலிருந்து லேட்டாக வந்து இறங்கும்போது அந்தப் பழக்கம் உதவும். ஒரே ஒரு குறை, தூக்குவாளியில் என்ன இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த கடிதத்தில் அதை மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. என் அறைத்தோழி இந்த ஊர்ப் பெண். "நாளைக்கு எங்க அப்பச்சி வர்றாக" என்று அவள் சொன்னதும், வயசானவர் மாடி ஏற முடியாதே என்று நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கீழே போட்டு வைத்தேன். புல்லட்டில் வந்து இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயசுகூட இருக்காது. "உங்க அப்பச்சி ரொம்ப இளமையா இருக்காரே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், அவர் மனம் குளிர்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். இந்த ஊர் உறவுப் பெயர்களை ஒரு தடவை எழுதிவிடுங்களேன்.
மூன்றாம் ஆண்டு மாணவி, பொள்ளாச்சி

பதில்: நகரத்தார் வீடுகளில் அப்பாவை அப்பச்சி என்பார்கள், அம்மாவை ஆத்தா, தாத்தாவை ஐயா. அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா. "லீவுக்கு ஆயா வீட்டுக்குப் போறேன்" என்று இங்கே ஒரு பிள்ளை சொன்னால் பள்ளிக்கூடத்து ஆயாவை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆச்சி என்ற சொல்தான் வெளியூர்ப் பிள்ளைகளை அதிகம் திண்டாட வைக்கும், திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி என்றால் பாட்டி, இங்கேயோ நேற்றுத் தாலி கட்டிக்கொண்ட பெண்ணும் ஆச்சிதான். என்னோடு படித்த திருநெல்வேலிக்காரி ஒருத்தி, தோழியின் அண்ணியோடு கண்டாங்கிச் சேலை எடுக்கக் கடைக்கு வந்திருந்தாள். கடைக்காரர் "ஆச்சிக்கு அந்த அரக்குக் கலரை எடுத்துக் காட்டுப்பா" என்றார். அண்ணிக்கு இருபத்து மூன்று வயசு. இவள் பாட்டி எங்கே பாட்டி எங்கே என்று கடை வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், நாங்கள் சிரித்ததில் கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒரு லீவ் லெட்டர். எங்கள் தமிழ்த் துறையில் பேராசிரியரை ஐயா என்றுதான் அழைப்போம். இந்த ஊர்த் தோழி ஒருத்தி, "மதிப்பிற்குரிய ஐயா, ஐயாவுக்கு மூன்று நாளாகக் கடும் காய்ச்சல். ஐயா தனியாக இருப்பதால் நான் போய்க் கஞ்சி வைத்துத் தரவேண்டும். ஐயா அவர்கள் இரண்டு நாள் விடுப்புத் தருமாறு வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். பேராசிரியர் முதலில் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்புறம் விஷயம் புரிந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விடுப்பும் கொடுத்தார், அவள் திரும்பி வந்த அன்று "ஐயா எப்படி இருக்கிறார்?" என்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் விசாரித்தார்.

கேள்வி: நண்பனுக்காக நான் "உள்ளேன் ஐயா" சொன்னேன். அதே நேரம் கடைசி பெஞ்சிலிருந்து இன்னொருத்தனும் அவனுக்காகச் சொன்னான். அந்த நேரம் பார்த்து அவனே கதவருகில் மூச்சு வாங்க வந்து நின்று மூன்றாவது தடவை சொன்னான். ஒரே எண்ணுக்கு மூன்று பேர். இது அவ்வளவு பெரிய தப்பா?
இளங்கலை மாணவர், தேவகோட்டை

பதில்: தப்புதான் தம்பி. காட்சியை நினைத்து நானும் சிரித்தேன், இருந்தாலும் தப்புதான். 75 சதவீதம் வருகை இல்லாமல் போனால் பரீட்சை நேரத்தில் கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கான கட்டணம் கட்டவும் கையெழுத்து வாங்கவும் அலையப்போவது அவன்தான், அப்போது உங்கள் குரல் அவனுக்கு உதவாது. நாளையிலிருந்து காலை ஏழு மணிக்குப் போன் போட்டு அவனை எழுப்பி விடுங்கள். நட்புக்கு அது போதும்.

கேள்வி: பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்காமல் டிகிரி வாங்கியவர் யாராவது உண்டா?
முதுகலை மாணவி, கோட்டையூர்

பதில்: எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். நன்றாகப் படிக்கும் தோழியின் நோட்டை ஒருத்தி ஜெராக்ஸ் எடுத்தாள், அந்த ஜெராக்ஸை இன்னொருத்தி எடுத்தாள், இப்படியே கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தபோது தாளின் வலது ஓரம் நகர்ந்து நகர்ந்து ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் காணாமல் போயிருந்தது. "இக்கருத்து ஏற்கத்தக்கது அன்று" என்று அவள் எழுதியிருந்த வரியில் "அன்று" போய்விட்டது. இன்டர்னல் தேர்வில் பாதி வகுப்பு, இக்கருத்து ஏற்கத்தக்கது என்று அடித்துச் சொல்லியிருந்தோம். பேராசிரியர் விடைத்தாள்களைக் கட்டி மேஜையில் வைத்து, "இந்த அன்று என்றைக்குக் காணாமல் போனது?" என்று கேட்டார், யாருக்கும் பதில் வரவில்லை. அதிலிருந்து மூலக் கையெழுத்தைக் கண்ணால் பார்க்காமல் நான் எதையும் படித்ததில்லை.

கேள்வி: காமர்ஸ் படிக்கிறேன், பத்தாவது வரைக்கும் கிராமத்துப் பள்ளி. போன வாரம் செமினாரில் "பேட் டெட்ஸ்" என்று சொல்வதற்குப் பதிலாக எழுத்துப்படி "பேட் டெப்ட்ஸ்" என்று வாசித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. முதலில் நானும் சிரித்தேன். இப்போது என் பெயரே டெப்ட் ஆகிவிட்டது, நான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறார்கள். அடுத்த செமினாருக்கு லீவு போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். இதையும் வேடிக்கை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டுமா?
இரண்டாம் ஆண்டு மாணவர், சாக்கோட்டை

பதில்: வேண்டாம் தம்பி. இதை நீங்கள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது உங்களுடையதைத்தான்.

தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது நகையை, அதாவது சிரிப்பை. அந்த நகை நாலு காரணத்தால் பிறக்கும் என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மேலே வந்த கடிதங்களைப் பாருங்கள், அப்பாவின் வெள்ளை மனசு, தெரியாமல் போட்ட நாற்காலி, மூன்று உள்ளேன் ஐயா, எல்லாமே இளமையிலும் அறியாமையிலும் வந்த சிரிப்பு, அதில் மாட்டிக்கொண்டவரும் சேர்ந்து சிரிக்க முடிகிறது. உங்கள் வகுப்பில் முதல் நாள் வந்ததும் அப்படித்தான் இருந்திருக்கும், அதனால்தான் நீங்களும் சிரித்தீர்கள். இரண்டாம் நாளிலிருந்து அது எள்ளல், வெறும் கேலி. அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் யாருக்கும் எழுதமாட்டேன்.

சரி, இப்போது அந்தச் சொல்லுக்கு வருவோம். அந்த "பி" எப்போதுமே வாயில் வந்ததில்லை. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போனபோது அந்தச் சொல்லில் "பி" கிடையாது. பின்னால் வந்த படிப்பாளிகள், லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று எழுத்தில் மட்டும் கொண்டுவந்து செருகினார்கள். ஆக நீங்கள் எழுதியிருப்பதை ஒழுங்காகத்தான் வாசித்தீர்கள், எழுத்தில் ஒன்று வாயில் ஒன்று என்று வைத்தது அவர்கள். அடுத்த செமினாரை இந்தக் கதையிலேயே ஆரம்பியுங்கள். அப்புறம் "வாராக்கடன்" என்று தமிழில் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். அந்தச் சொல்லின் பாரம் இந்த மண்ணுக்குத் தெரிந்த அளவு வேறு எங்கே தெரியும்? வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாள், மேலாள் என்று ஏறிக் கணக்கு கற்றவர்களின் ஊர் இது. பர்மாவில் கடன் கொடுத்துவிட்டு, 1930களின் மந்தத்தில் பணம் திரும்பாமல் கைக்கு வந்து சேர்ந்த வயல்களையும், 1942ல் ஜப்பான் படை வந்தபோது அப்படியே விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனை. உங்கள் வகுப்பிலேயே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் இருக்கலாம். ஐந்தொகையில், அதாவது பேலன்ஸ் ஷீட்டில், ஒரு வரியாக நிற்கும் சொல்லை அவர்கள் வீட்டுக் கதையாக நீங்கள் சொல்லும்போது டெப்ட் என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது. ஒருவேளை அப்போதும் கூப்பிட்டால், தனியாக அழைத்து, எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகச் சொல்லுங்கள். லீவு மட்டும் போடாதீர்கள். பேசி முடித்த அன்றே எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: கானாடுகாத்தானில் தோழி வீட்டுக்கு மூன்று பேர் போனோம். "வாசல்லதான் நிக்கிறேன்" என்று அவள் போனில் சொல்கிறாள், "நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம்" என்று நாங்கள் சொல்கிறோம். இருபது நிமிஷம் இப்படியே போனது. கடைசியில் பார்த்தால் அவள் ஒரு தெருவில், நாங்கள் அடுத்த தெருவில், ஆனால் எல்லோரும் ஒரே வீட்டு வாசலில். அந்த ஊரில் எந்த வாசலில் நிற்பதுதான் முறை?
முதுகலை மாணவி, புதுக்கோட்டை

பதில்: முகப்பு வாசலில் நிற்பதுதான் முறை. பெரிய திண்ணை, தேக்குக் கதவு, நிலைக்கு மேலே மரத்தில் செதுக்கிய லட்சுமி இருந்தால் அது முகப்பு. அங்கிருந்து வளவு என்கிற முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருந்து, பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் திறக்கும். பல வீடுகள் கல்யாணம், சடங்கு என்றால்தான் முழுக்கத் திறக்கும், மற்ற நாளில் பின்பக்கம் மட்டுமே புழக்கம், அதனால் இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. அடுத்த தடவை போகும்போது தெருப் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் செருப்பில்லாத காலோடு ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு நடை நடந்து பாருங்கள், சித்திரை வெயிலிலும் பாதத்துக்கு இதமாக இருக்கும். அந்தத் தரையின் பளபளப்பு, கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து வார்ப்பதால் வருவது.

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், வீட்டு ஆச்சிக்கு மனசு கஷ்டப்படும். தெரியாமல் பின்கட்டுப் பக்கமே போய் நின்றுவிட்டாலும் கவலை வேண்டாம், முதலில் வருவது அடுப்படிதான். வெள்ளைப் பணியாரம் எண்ணெயிலிருந்து எடுக்கிற நேரமாக இருந்தால், வரமிளகாய்த் துவையலோடு முதல் ஈடு உங்களுக்கே கிடைத்துவிடும்.