அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுக் கல்லூரி) சேர்கிறேன். இன்டர்மீடியட் அல்ஜீப்ரா எடுத்தே ஆக வேண்டுமா?

முதலில் உங்கள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்ன என்று பாருங்கள். உளவியல், சமூகவியல் போன்றவற்றுக்குப் பல இடங்களில் புள்ளியியல் போதும். பொறியியல் என்றால் கால்குலஸ் வரை போக வேண்டும், அதற்கு அல்ஜீப்ரா அடித்தளம் தேவை.

இந்தப் பாடத்தைப் பொதுவாகக் கல்லூரி அளவுக்குக் கீழேதான் வைப்பார்கள். அதனால் நான்காண்டுப் பட்டத்துக்குப் பெரும்பாலும் கிரெடிட்டாகக் கணக்கில் வராது. கலிஃபோர்னியாவில் 2017-இல் ஏபி 705 சட்டம் வந்தபின், பெரும்பாலோர் இதைத் தாண்டி நேரே கல்லூரி அளவுக் கணக்குக்கே போகிறார்கள். கல்லூரிக் கவுன்சிலரிடம் (பாட ஆலோசகர்) கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பாடம்? காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு, வர்க்கமூலங்கள், கொஞ்சம் மடக்கை. பலர் சறுக்குவது வர்க்கமூலங்களில்தான்: √(9+16) என்றால் 3+4=7 என்று போட்டுவிடுவார்கள். உள்ளே கூட்டினால் 25, விடை 5. இங்கே தடுமாறினால், சரி, இந்த வகுப்பில் சேர்ந்துவிடுங்கள்.